வறண்ட நாட்டின் வெள்ளம்

ஊத்துக்குளி என்ற பெயரைக் கேட்டவுடன் நேயர்கள் பலருக்கும் வெண்ணெய் நினைவுக்கு வரும். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிறைந்த கொறங்காடுகள் இப்பகுதியின் மேய்ச்சல் நிலங்கள். கால்நடைச் செல்வம் மிக்க இந்நிலத்தின் வெண்ணெய் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. வேறு சிலருக்குக் கதித்தமலை முருகன் கோயில் நினைவுக்கு வரலாம். ஈரோட்டிலிருந்து கோவைக்கு இருப்பூர்தியில் செல்வோருக்கோ, திருப்பூருக்குச் சற்று முன்னே வரும் ஒரு சிறு நிலையத்தின் பெயராக மட்டுமே அது தெரிந்திருக்கவும் கூடும். ஆயினும் அப்பெயருக்குள்ளே நீர் இருக்கிறது. ஊற்றுக்குழி என்பதே ஊத்துக்குளி என மருவிற்று என்று ஊரார் கூறுவர். வறண்ட நிலத்தைத் தோண்டி நீர் கண்ட மகிழ்ச்சியையே மக்கள் தம் ஊருக்குப் பெயராக இட்டனர் போலும்.

இத்தகைய ஊரிலிருந்து வெள்ளத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வெள்ளம் என்றால் காவிரிக் கழிமுகத்தையும் சென்னைக் கடற்கரையையும் எண்ணுவதே நம் வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்கு நாட்டில் மக்கள் கவலை கொள்வது மழை மிகுவது குறித்து அன்று, பொய்ப்பது குறித்தே. திருப்பூர் வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. அது தவறினால் அவ்வாண்டின் வேளாண்மையும் தவறும். இங்கே வெள்ளத்துக்கு இடம் ஏது என்று கேட்பது இயல்பு.

அந்தக் கேள்வியே இன்றைய பேச்சின் பொருள். வெள்ளம் அடிக்கடி வரும் நாட்டில் மக்கள் அதை மறப்பதில்லை. வீட்டை மேட்டில் கட்டுவர், தோணியைக் கரையில் வைத்திருப்பர். தலைமுறைக்கு ஒரு முறை வெள்ளம் வரும் நாட்டிலோ, இடைப்பட்ட வறண்ட ஆண்டுகளில் அதன் நினைவும் வறண்டு போகிறது. வெள்ளத்துக்கென முன்னோர் விட்டு வைத்த இடம் வெற்றிடமாகத் தோன்றுகிறது. அங்கே முதலில் குப்பையும், பின்னர்க் குடிசையும், அதன் பின்னர்க் கட்டடமும் எழுகின்றன. வறண்ட நாட்டின் வெள்ளம் கொடியதாவதற்கு மழை மட்டும் காரணம் அன்று, மறதியும் காரணம். அம்மறதி ஒரே நாளில் வந்ததன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஊத்துக்குளிக்குத் தெற்கே ஓடுவது நொய்யல். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றி, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, சுமார் 170 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் பெயருடைய ஊரருகே காவிரியில் கலப்பது. பேரூர்த் தல வரலாறு இதனைக் காஞ்சி நதி என்று வழங்கும். இதன் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்னும் தொன்மையான ஊர் உள்ளது. பதிற்றுப்பத்தில் பேசப்படும் கொடுமணம் இதுவே என்பர். தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழாய்வுகளில், இங்கு இரும்பு உருக்கியதற்கும், மணிகள் செய்ததற்கும், பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தால் பெயர் பொறித்ததற்கும் சான்றுகள் கிடைத்தன. ஆகவே இவ்வாற்றங்கரையில் மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் செய்து வாழ்ந்து வருகின்றனர். பின்னலாடைத் தொழில் அந்நெடுங்கதையின் அண்மைக் கால இயலே ஆகும்.

நொய்யலின் தலைப்பகுதி மழை வளம் மிக்க மலை. இடைப்பகுதியும் கடைப்பகுதியும் வறண்ட சமவெளி. மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஆனி, ஆடியில் ஆற்றில் புதுநீர் வரும். சமவெளியில் ஐப்பசி இடிமழை கொட்டினால் வேறொரு வகை வெள்ளம் வரும். அது ஆற்றின் தலையிலிருந்து வருவதன்று; இரு புறமும் உள்ள பள்ளங்களிலிருந்து வருவது. கொங்கு நாட்டார் பள்ளம் என்று சொல்வது வெறும் குழியை அன்று. மழைக் காலத்தில் மட்டும் நீர் ஓடும் சிற்றோடைக்கே அப்பெயர். ஆண்டில் முந்நூறு நாட்கள் அதில் ஆடு மேயும்; வண்டித் தடம் செல்லும். ஒரு நாள் மாலையில் மேற்கே கருக்கும். இரவில் அப்பள்ளம் ஆறாகும்.

அவ்வாறு ஆவதன் காரணம் எளிது. இங்குள்ள செம்மண்ணும் சுக்கான் நிலமும் பெரும்பாலும் ஆழமற்றவை. மண்ணுக்குக் கீழே பாறை. மெல்லப் பெய்யும் மழையை நிலம் குடித்துவிடும். அடித்துப் பெய்யும் மழையைக் குடிக்க அதற்கு நேரம் இராது. வானிலைத் துறையினர் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொடும் மழையைக் கன மழை என்றும், 115.6 மில்லிமீட்டரைத் தொடுவதை மிகக் கன மழை என்றும், 204.5 மில்லிமீட்டரைத் தொடுவதை அதி கன மழை என்றும் வகுத்துள்ளனர். நம் வட்டாரத்தில் கன மழை நாள் ஒன்று வந்தாலே ஆண்டு மழையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அன்றே பெய்துவிடுகிறது. ஒரு சதுரக் கிலோமீட்டர் நிலத்தின் மேல் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் அளவு பத்துக் கோடி லிட்டர். அதில் பாதி நிலத்துக்குள் இறங்கினாலும், ஐந்து கோடி லிட்டர் நீர் பள்ளத்தை நோக்கி ஓடி வரும். பல சதுரக் கிலோமீட்டர் நிலத்து நீரைச் சுமக்கும் பள்ளத்தின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். அவர்கள் நொய்யலின் குறுக்கே ஒரே பேரணையைக் கட்டவில்லை. ஆற்றின் நெடுகிலும் தாழ்ந்த அணைக்கட்டுகள் பலவற்றை அமைத்தனர். அவை முப்பத்திரண்டு என்பது வழக்கு. கொங்குச் சோழர் காலத்தில் தொடங்கி இவை வளர்ந்தன என்று வரலாற்றாளர் கருதுவர். ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் ஒரு வாய்க்கால் பிரிந்து ஒரு குளத்தையோ பல குளங்களையோ நிரப்பும். பேரூர்ப் பெரியகுளம், உக்கடம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் எனக் கோவைப் பக்கத்திலும், சாமளாபுரம், ஆண்டிபாளையம், மாணிக்காபுரம் எனத் திருப்பூர்ப் பக்கத்திலும் குளங்கள் அமைந்தன. குளம் நிரம்பினால் மிகுந்த நீர் கலிங்கின் மேல் வழிந்து மீண்டும் பள்ளத்தையோ ஆற்றையோ சேரும். வெள்ளம் ஒரே மூச்சில் பாயாமல், படிப்படியாக இறங்கி வந்தது.

குளங்கள் பாசனத்துக்காகவே வெட்டப்பட்டன என்று நாம் பாட நூல்களில் படிக்கிறோம். அது பாதி உண்மையே. மறு பாதியை விளங்கிக் கொள்ள ஊத்துக்குளிக்கு மேற்கே, திருப்பூர் செல்லும் சாலைக்கு அருகிலுள்ள ஒரு குளத்தைக் காண்போம். சர்க்கார் பெரியபாளையம் குளம் என்றும் நஞ்சராயன் குளம் என்றும் அதற்குப் பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்னும் மன்னன் பழுது பார்த்துச் செப்பனிட்டமையால் அப்பெயர் வந்தது என்பர். வெட்டியவன் பெயரன்று, செப்பனிட்டவன் பெயரே குளத்துக்கு நிலைத்தது என்பது கருதத்தக்கது. அவினாசி வழியாக வரும் நல்லாற்றின் நீர் இக்குளத்தில் தேங்கி, மிகுந்தது கீழே சென்று நொய்யலில் சேர்கிறது.

இக்குளத்தின் பரப்பு ஏறத்தாழ 125.86 ஹெக்டேர், அதாவது 310 ஏக்கருக்குச் சற்று மிகுதி. அதில் நீர் மட்டம் ஓரடி உயர்ந்தால் சேரும் நீர் சுமார் 135 இலட்சம் கன அடி. விநாடிக்கு ஆயிரம் கன அடி வீதம் பாய்ந்து வரும் ஒரு வெள்ளத்தை, ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம், ஓரடி உயர்வுக்குள் இக்குளம் தாங்கிக் கொள்ள முடியும். வெள்ளத்தில் மூன்றே முக்கால் மணி நேரம் என்பது சிறிதன்று. உறங்கும் குழந்தையை எடுத்துக் கொண்டு மேட்டுக்குச் செல்லப் போதுமான நேரம் அது. கீழே உள்ள ஊருக்கு அந்நேரத்தை ஈட்டித் தருவதே குளத்தின் இரண்டாம் பணி. குளம் வண்டலால் ஓரடி தூர்ந்தால், அந்நேரத்தில் ஒரு பகுதியும் தூர்ந்து போகிறது என்பது பொருள்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டைக் காத்தவர் யார்? தொண்டை நாட்டு உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்த செய்தியைக் கூறுகின்றன. பிற்காலத்தில் தமிழகமெங்கும் குடிமராமத்து என்ற வழக்கம் நிலவியது. ஆண்டுதோறும் ஊரார் கூடிக் கரையை உயர்த்துவர். வாய்க்காலைத் தூர் வாருவர். மதகைச் சரி பார்ப்பர். இவ்வழக்கத்தைப் பொற்காலமாகப் பாடிவிடுவது எளிது. ஆனால் மண் சுமந்தவர் யார், நீர் பெற்றவர் யார் என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும்.

அக்கேள்விக்கு ஒரு சட்டமே விடை கூறுகிறது. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. அதன் முதல் நோக்கம் வெள்ளத்தால் விளையும் கேட்டைத் தடுப்பது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் நிலையில், அரசு அலுவலர் அண்டையில் வாழும் உடல் வலிமை மிக்க ஆடவரை அழைத்து வேலை வாங்கலாம். அவர்களுக்குக் கூலி தரப்படும். வர மறுத்தால் தண்டம் உண்டு. குடிமராமத்துச் செய்யத் தவறியவரிடம் அவ்வேலையின் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்கவும் அச்சட்டம் வழி செய்தது. ஆனால் வெள்ள நேரத்தில் அழைக்கப்பட வேண்டியவர் என்று அது குறிப்பிட்டது உழைக்கும் வகுப்பினரை மட்டுமே. நிலமுடையார் அனைவரையும் கரைக்கு அழைக்கவில்லை. நள்ளிரவில் மழையில் நனைந்து கரையை அடைக்கும் கடமை ஏழைக்கே எழுதப்பட்டிருந்தது. ஒன்று மட்டும் அச்சட்டத்தால் உறுதியாகத் தெரிகிறது: வெள்ளம் வரும் என்பதை அக்காலத்தார் மறக்கவில்லை. மறக்காமையைச் சட்டத்தாலும் வழக்கத்தாலும் கட்டி வைத்திருந்தனர்.

அதன் பின் மறதி எப்படி வந்தது? கொங்கு நாட்டு உழவர் குளத்தைவிடக் கிணற்றையே நம்பும் நிலை ஏற்பட்டது. கவலை இறைத்த கிணறுகள் பல்கின. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் மின்சாரம் தந்தபோது கிணறுகளில் மின் இறைவைப் பொறிகள் பூட்டப்பட்டன. இந்தியா விடுதலை பெற்றபின் கீழ்பவானித் திட்டம் எழுந்தது. 1955ஆம் ஆண்டில் பவானிசாகர் அணை நிறைவுற்றது. ஈரோட்டு வட்டாரத்துப் புன்செய்களுக்குக் கால்வாய் நீர் வந்தது. இவை யாவும் நல்லவையே. ஆயினும் கிணற்றை வைத்திருப்பவன் குளத்துக்கரைக்குப் போக வேண்டியதில்லை; கால்வாய் நீரை எதிர்நோக்குபவன் பள்ளத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பாசனத்துக்குக் குளம் வேண்டாம் என்றானபோது, வெள்ளத்துக்கு அது வேண்டும் என்ற நினைவும் உடன் போயிற்று.

இதற்கிடையே தமிழகம் பெருவெள்ளங்களையும் கண்டது. 1924ஆம் ஆண்டு ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த பேய்மழையால் கேரளமும் காவிரிப் படுகையும் ஒருங்கே மூழ்கின. மலையாளத்தார் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் கூறுவர். காவிரியில் மேட்டூரருகே அப்போது வந்த நீர் விநாடிக்கு நான்கரை இலட்சம் கன அடிக்கும் மேற்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணைக்கு அகன்ற உபரிநீர்ப் போக்கி அமைந்தது. ஒரு வெள்ளத்தின் நினைவு அங்கே கல்லிலும் இரும்பிலும் பதிந்தது. 1977ஆம் ஆண்டு நவம்பரில் வந்ததோ மற்றொரு வகை. வங்கக் கடலில் எழுந்த புயல் நாகப்பட்டினத்தருகே கரை கடந்து உள்நாட்டுக்குள் புகுந்தது. திண்டுக்கல் பக்கத்துக் கொடகனாறு அணை உடைந்தது. திருச்சிராப்பள்ளி நகரம் நீரில் மூழ்கியது. மேற்கு மலையில் மழை பெய்யும்போதுதான் வெள்ளம் வரும் என்ற எண்ணம் அன்று பொய்த்தது. வறண்டு கிடக்கும் உள்நாட்டு ஆறுகளும் ஓரிரவில் பெருகக்கூடும் என்பதே அதன் பாடம்.

அப்பாடம் நம் ஊர்ப் பள்ளங்கள் வரை எட்டவில்லை. திருப்பூர் நகரம் அக்காலத்தில்தான் வேகமாக வளரத் தொடங்கியிருந்தது. 1961இல் எண்பதினாயிரம் அளவில் இருந்த அதன் மக்கள் தொகை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து ஒன்பதரை இலட்சத்தைக் கடந்தது. உள்நாட்டுக்குப் பனியன் பின்னிய ஊர், 1980களில் உலகச் சந்தைக்கு ஆடை அனுப்பும் ஊராயிற்று. தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்தனர். வேலை கிடைத்தது; வீடு கிடைக்கவில்லை. குறைந்த வாடகைக்கு இடம் எங்கே உண்டோ அங்கே குடியேறினர். பள்ளத்தின் ஓரமும் ஓடையின் கரையுமே அவ்விடங்கள். புதிதாக வந்தவருக்கு அவ்வோடையின் பழைய கதை தெரியாது. அதை அறிந்தவர் எடுத்துச் சொல்லவும் இல்லை.

ஆற்றின் கதை இன்னும் துயரமானது. நொய்யலின் வெள்ளநீரைத் தேக்கிப் பயன்படுத்தும் நோக்கத்தோடு, சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டு 1992ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஈரோடு, கரூர் வட்டாரங்களில் சுமார் 20,000 ஏக்கர் நிலம் பயன் பெறும் என்பது திட்டம். ஆனால் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலந்தமையால், மழைநீருக்கென எழுந்த அணையில் சாயநீர் தேங்கியது. அணையைக் கேட்ட உழவரே அணையின் நீர் வேண்டாம் என்று வழக்காட நேர்ந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2009 அக்டோபரில் அதனை உறுதி செய்தது. ஆணைகள் நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர்க் கழிவுநீரை ஆற்றில் விடாது முழுமையாகச் சுத்திகரிக்கும் முறையோடு அவை படிப்படியாகத் திறந்தன.

அதே 2011ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் தொடக்கத்தில் திருப்பூரில் இரவில் கடும் மழை கொட்டியது. நொய்யல் பெருகியது. நகருக்குள் ஓடி அதில் சேரும் ஜம்மனை ஓடையும் பெருகியது. ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் குடியிருந்த எளியோரின் வீடுகளை வெள்ளம் இழுத்துச் சென்றது. உறக்கத்திலிருந்த பலர் உயிரிழந்தனர். ஆண்டின் தொடக்கத்தில் சாயத் தொழில் நின்று வேலையிழந்து தவித்த ஊர், ஆண்டின் இறுதியில் பிணங்களைத் தேடும் ஊராயிற்று. இரண்டு துன்பங்களும் ஒரே ஆற்றிலிருந்து வந்தவை. ஆற்றைக் கழிவு செல்லும் வழியாகக் கருதியதால் ஒன்று நேர்ந்தது. ஓடையைக் குடியிருக்கத்தக்க வெற்றிடமாகக் கருதியதால் மற்றொன்று நேர்ந்தது. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெள்ளத்தின் சுமையைத் தாங்கியவர் உழைக்கும் மக்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதைத் தாங்கியவர் அவர்களே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று அவர்களைக் கரைக்கு அழைத்து வெள்ளம் வருகிறது என்று சொன்னார்கள். 2011இல் அதைச் சொல்வாரும் இல்லை.

இத்தவறு நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரத்தைச் சுற்றியுள்ள நிலமும் மழை குறைந்தது. அங்கும் பழமையான வாய்க்கால்கள் உண்டு. வயல்களுக்கு நீர் பங்கிடும் மன்றம் ஒன்று இன்றும் வியாழக்கிழமைதோறும் பேராலய வாயிலில் கூடி வழக்குத் தீர்க்கிறது. 1957 அக்டோபரில் தூரியா ஆறு பெருகி நகரை மூழ்கடித்தது. மக்கள் அதனை மறவாமல், ஆற்றையே நகருக்குத் தெற்கே புதிய வழியில் திருப்பினர். 2024 அக்டோபர் 29 அன்று ஓராண்டு மழை சில மணி நேரத்தில் பெய்தபோது அப்புதிய வழி நகரின் நடுப்பகுதியைக் காத்தது. ஆனால் அதற்கு அப்பால், நம் ஊர்ப் பள்ளம் போன்ற வறண்ட ஓடையின் இரு கரையிலும் வளர்ந்திருந்த புறநகர்கள் மூழ்கின. அம்மாகாணத்தில் இறந்தோர் இருநூற்றுக்கும் மேற்பட்டோர். பேராற்றை நினைவில் வைத்தவர் சிற்றோடையை மறந்தனர். நம் நாட்டில் மேட்டூர் அணைக்கும் ஜம்மனை ஓடைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே அன்றோ?

இனி வருங்காலம் இன்னும் கவலை தருவது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகும் என்பது இயற்பியல். வெப்ப மண்டல நாடுகளில் மொத்த மழை மிகாவிடினும், பெய்யும் மழை சில நாட்களில் திரண்டு கொட்டும் இயல்பு வலுப்பெறுகிறது. ஆகவே இருபது ஆண்டுகளாக நீர் ஓடாத பள்ளம் இனியும் ஓடாது என்று எவரும் உறுதி கூற இயலாது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. நஞ்சராயன் குளத்தை 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அது மாநிலத்தின் பதினேழாவது பறவைகள் சரணாலயம். 2024ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் அது இடம் பெற்றது. பறவைகளின் பொருட்டுக் குளம் காக்கப்பட்டால், கீழே வாழும் மனிதரின் உயிரும் அதனோடு காக்கப்படும். ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டமும் நம்மிடம் உண்டு. ஆனால் சட்டத்தைச் செயற்படுத்தும்போது, ஓடைக்கரைக் குடிசையை மட்டும் இடித்துவிட்டு, அதே ஓடையை மறித்து எழுந்த பெருங்கட்டடத்தைக் காணாதது போல் விட்டுவிடுவது நீதியாகாது. குடிசைவாசிக்கு வேலைக்கு அண்மையில் மேட்டு நிலம் தராமல் அவரை அகற்றினால், அவர் அடுத்த பள்ளத்துக்கே செல்வார். ஆடை தைத்து ஊருக்குச் செல்வம் சேர்த்தவருக்கு நனையாத ஓரிடம் தருவது வெள்ளத் தடுப்பில் ஒரு பகுதியே ஆகும்.

ஊத்துக்குளியிலும் அதைச் சுற்றிலும் இப்போது புதிய மனைகளும் ஆலைகளும் எழுந்து வருகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் திருப்பூர் நின்ற இடத்தில் இவ்வூர்கள் இன்று நிற்கின்றன. திருப்பூர் செய்த பிழையைச் செய்யாதிருக்க இவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று. கிராமப் புலப்படத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எல்லைக்கோடு உண்டு. மனை வாங்குமுன் அக்கோட்டைப் பார்க்கலாம். ஊராட்சி தோறும் அவ்வெல்லையில் கல் நடலாம். இருப்புப்பாதைக்கும் பழைய சாலைக்கும் அடியில் உள்ள கண்பாலங்களைக் கண்டு, இவ்வறண்ட இடத்தில் ஏன் பாலம் கட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், அவர்களுக்கு விடை கூறலாம். கலிங்கின் மேல் எந்த ஆண்டில் எவ்வளவு நீர் வழிந்தது என்பதை ஊர் முதியோரிடம் கேட்டு, பள்ளிச் சுவரிலேனும் எழுதி வைக்கலாம்.

நிலத்தைத் தோண்டி நீர் கண்டதை நினைவில் வைக்க ஊருக்கே பெயரிட்டவர்கள் இப்பகுதி மக்கள். மேலிருந்து வரும் நீரையும் அவ்வாறே அவர்கள் நினைவில் வைத்துக் கொள்ளட்டும். அடுத்த ஐப்பசியில் மேற்கே வானம் கருக்கும்போது, மழை வருகிறது என்று உழவர் மகிழ்வார். பள்ளத்தங்கரையில் வாழும் தொழிலாளியும் அச்சமின்றி அவரோடு மகிழ வேண்டும். அந்நாள் வரும் வரையில் நொய்யல் நாட்டில் நாம் செய்ய வேண்டிய வேலை முடிந்ததாகாது.